ஒரு ஹோஸ்டிங், மூணு வெப்சைட்: எது தனி, எது பொது?

"ஏனுங்க தம்பி, ஹோஸ்டிங்குக்கு வருசா வருசம் பணம் கட்டிட்டுத்தான் இருக்கறேன். இப்பப் பொண்ணு மஞ்சள் விக்கறதுக்குன்னு தனியா ஒரு பேர் வாங்கியிருக்கறா. அதுக்கு இன்னொரு ஹோஸ்டிங் வாங்கோணுமா?"

ஈரோட்டில் சென்னிமலைப் பெட்ஷீட் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணன் டீக்கடையில் கேட்ட கேள்வி இது. பெட்ஷீட்டுக்கு ஏற்கெனவே வெப்சைட் இருக்கிறது. மகளுக்கு மஞ்சள். போதாததற்குப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு வெப்சைட் போட்டுத் தருவதாக மேடையிலேயே சொல்லிவிட்டாராம். மூன்று பேர், மூன்று வெப்சைட், பில் மட்டும் ஒன்றாக இருந்தால் நல்லது.

இருக்கலாம். மிகச் சின்ன பிளானைத் தவிர மற்ற பிளான்களில் ஒரே கணக்கில் பல வெப்சைட் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான கம்பெனிகள் விடுகின்றன. "அன்லிமிடெட் வெப்சைட்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்களும் உண்டு. ஆனால், முடியுமா என்பது சின்னக் கேள்வி. ஒரே கணக்கில் வைத்தால் எதெல்லாம் தனியாக நிற்கும், எதெல்லாம் பொதுவாகிவிடும் என்பதுதான் பெரிய கேள்வி. அது பிடிபட்டுவிட்டால் எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

பேர் வேறு, இடம் வேறு

டொமைனையும் ஹோஸ்டிங்கையும் ஒரே பில்லில் விற்பதால் இரண்டும் ஒரே சரக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரிஜிஸ்ட்ராரிடம் நாம் வாங்குவது பேரை மட்டும். வாங்குவது என்றுகூடச் சொல்லக் கூடாது. வருடக் கணக்கில் பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். டாட் இன் பேர்களின் பதிவேடு நிக்ஸி அமைப்பின் பொறுப்பு. டாட் காம் பதிவேடு அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் உங்கள் பேருக்கு எதிரே பெட்ஷீட் படமும் இருக்காது, விலையும் இருக்காது. "இந்தப் பேரைப் பற்றி இன்ன நேம்சர்வரைக் கேள்" என்ற குறிப்புதான் இருக்கும்.

அந்த நேம்சர்வரில் 'ஏ ரெக்கார்டு' என்று ஒரு வரி. இந்தப் பேர் இன்ன ஐபி எண்ணில் இருக்கிறது என்று அது சொல்லும். அந்த எண்ணுக்கு உரிய சர்வரில்தான் உங்கள் ஃபைல்கள் கிடக்கின்றன. ஆகப் பேர் ஓரிடம், வழி சொல்லும் குறிப்பு ஓரிடம், ஃபைல்கள் ஓரிடம். மூன்றும் ஒரே கம்பெனியில் இருக்கலாம்; மூன்று கம்பெனிகளில் இருந்தாலும் வேலை நடக்கும்.

மகள் மஞ்சள் டொமைனை வேறு கம்பெனியில் வாங்கியிருக்கிறாள் என்றால், அதை இங்கே 'டிரான்ஸ்ஃபர்' செய்யத் தேவையில்லை. பேர் அங்கேயே இருக்கட்டும். நேம்சர்வரை நம் ஹோஸ்டிங்கின் நேம்சர்வராக மாற்றினால் போதும், அல்லது நேம்சர்வரை விட்டுவிட்டு ஏ ரெக்கார்டில் மட்டும் நம் சர்வர் எண்ணைப் போட்டால் போதும்.

ஒரே எண், மூன்று பேர்

"சரிங்க. மூணு பேரும் ஒரே எண்ணுக்கு வந்து நின்னா, யாருக்கு எதைக் காட்டறதுன்னு சர்வருக்கு எப்படித் தெரியும்?"

இதைக் கேட்காமலே பல வருடம் வெப்சைட் நடத்துகிறவர்கள் உண்டு. அண்ணன் கேட்டுவிட்டார்.

1990களின் நடுப்பகுதி வரை சர்வருக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஹெச்டிடிபியின் ஆரம்ப வடிவங்களில் பிரவுசர் போய் "முதல் பக்கத்தைக் கொடு" என்று மட்டும் கேட்கும். யாருடைய முதல் பக்கம் என்று சொல்லாது. அதனால் ஒரு வெப்சைட்டுக்கு ஓர் ஐபி எண் தேவைப்பட்டது. நாலாம் பதிப்பு ஐபியில் மொத்த எண்களே சுமார் 430 கோடிதான். இப்படி ஆளுக்கொன்று கொடுத்தால் கட்டுப்படி ஆகுமா?

1997 ஜனவரியில் வெளியான ஹெச்டிடிபி 1.1 வரையறை ஒரு வரியைக் கட்டாயமாக்கியது. இன்று உங்கள் பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கையைத் திறந்து பார்த்தால், அந்தப் பாணியில் அதன் தலை இப்படி இருக்கும்:

கெட் / ஹெச்டிடிபி/1.1
ஹோஸ்ட்: மஞ்சள்கடை.காம்

இரண்டாவது வரிதான் எல்லாமே. ஒரே கதவு எண்ணில் ஆறு குடும்பம் இருந்த ஒண்டுக்குடித்தன வீட்டுக்கு வரும் தபாலை, கவரின் மேலிருக்கும் பேரைப் பார்த்து உரியவரிடம் கொடுத்தார்களே, அதே ஏற்பாடு. சர்வரில் ஒரு பட்டியல் இருக்கும்: இந்தப் பேர் கேட்டால் இந்த ஃபோல்டர், அந்தப் பேர் கேட்டால் அந்த ஃபோல்டர். அப்பாச்சி சர்வரில் இதற்கு 'வெர்ச்சுவல் ஹோஸ்ட்' என்று பேர். ஹோஸ்ட் வரி இல்லாமல் வரும் 1.1 கோரிக்கையை 400 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பச் சொல்கிறது வரையறை. ஐபி எண்களின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. வெப்சைட்டுக்கு ஓர் எண் என்ற பழக்கமே தொடர்ந்திருந்தால் அது எவ்வளவோ முன்பே தீர்ந்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல் நெடுநாள் இருந்தது. பூட்டுப் படத்தோடு வரும் ஹெச்டிடிபிஎஸ் இணைப்பில், ஹோஸ்ட் வரி உட்படப் பேச்சு முழுவதும் மறையாக்கப்பட்டு வரும். மறையாக்கம் தொடங்குவதற்கு முன்பே சர்வர் தன் சான்றிதழை நீட்ட வேண்டும். எந்தப் பேரின் சான்றிதழை நீட்டுவது? பேர்தான் இன்னும் வரவில்லையே! இதற்காக 2003இல் 'எஸ்என்ஐ' என்ற சேர்க்கை வந்தது. கைகுலுக்கும் கட்டத்திலேயே பிரவுசர் பேரைச் சொல்லிவிடும். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது கடைசிவரை தெரியவில்லை. எக்ஸ்பி புழக்கத்தில் இருந்தவரை, பூட்டு வேண்டும் என்கிறவர்கள் தனி ஐபிக்குக் கூடுதல் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழ்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இரண்டும் சேர்ந்த பிறகுதான், ஒரே கணக்கில் பத்து டொமைன், பத்துக்கும் இலவசப் பூட்டு என்பது சாதாரணமாயிற்று.

இன்றைக்கும் "எஸ்எஸ்எல் தனி சார்ஜ்" என்று (இந்தப் பூட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) யாராவது சொன்னால், எதற்கு என்று ஒரு முறை கேளுங்கள். பிளானோடு தானாகப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளைக்குத்தான். எந்த நிறுவனம் கொடுக்கும் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லக் கூடாது என்ற விதி 2029 மார்ச்சில் நடைமுறைக்கு வருகிறது. கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

பேனலில் ஒரு பேரைச் சேர்ப்பது

ஹோஸ்டிங் கணக்கை நாம் நிர்வகிக்கும் திரைதான் பேனல். பேனல்கள் பல இருக்கின்றன. அதிகம் பார்ப்பது சிபேனல் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். 'டொமைன்ஸ்' பக்கத்தில் புதுப் பேரைத் தட்டியதும் கீழே ஒரு டிக் கட்டம் தெரியும். முதல் டொமைனின் டாக்குமென்ட் ரூட்டையே இதற்கும் வைத்துக்கொள்ளலாமா என்று அது கேட்கிறது. டாக்குமென்ட் ரூட் என்பது அந்தப் பேருக்கான ஃபோல்டர். டிக் இருந்தால் மஞ்சள் பேரைத் தட்டினாலும் பெட்ஷீட் கடைதான் வரும். ஒரே கடைக்கு டாட் காம், டாட் இன் இரண்டையும் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அது சரி. தனி வெப்சைட் வேண்டுமானால் டிக்கை எடுத்துவிட்டு, தனி ஃபோல்டர் பேர் கொடுக்க வேண்டும்.

அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். முதல் டொமைனின் ஃபைல்கள் 'பப்ளிக்_ஹெச்டிஎம்எல்' என்ற ஃபோல்டரில் இருக்கும். பழைய அமைப்புகளில் இரண்டாவது டொமைனின் ஃபோல்டரும் அதற்குள்ளேயே உருவாகும். அப்படியானால் மஞ்சள் கடை தன் பேரில் திறக்கும், பெட்ஷீட்கடை.காம் என்று அடித்து ஒரு சாய்கோடு போட்டு ஃபோல்டர் பேரைச் சேர்த்தாலும் திறக்கும். இது போக, சிபேனல் பின்னால் ஒரு துணை டொமைனையும் உருவாக்கி வைக்கும்; மஞ்சள்கடை.பெட்ஷீட்கடை.காம் என்றாலும் அதே கடை. ஒரே பக்கம் மூன்று முகவரியில் கூகுள் கண்ணில் படும். ஃபோல்டரை வெளியே வைத்துவிட்டு, துணை டொமைனுக்கு வருகிறவர்களை 301 என்ற நிரந்தரத் திருப்பம் போட்டு உண்மையான பேருக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

வேர்ட்பிரஸ் போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் தனி டேட்டாபேஸ், தனி டேட்டாபேஸ் யூசர், தனி பாஸ்வேர்டு. ஒரே டேட்டாபேஸில் டேபிள் பேர்களின் முன்னொட்டை மாற்றி மூன்றையும் திணிக்கவும் முடியும். பின்னால் ஒன்றை மட்டும் பழைய பேக்கப்புக்குத் திருப்ப நினைக்கும்போது, அந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கப் போராடுவீர்கள்.

டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன்களும் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்தால் பேனலில் தமிழ் தெரியாமல், எக்ஸ், என், இரண்டு சின்னக் கோடு என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக் கோவை தெரியலாம். பயப்பட வேண்டாம், அதுவும் அதே பேர்தான். பேரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பு ஆங்கில எழுத்துகளோடு பழகியது என்பதால் அப்படி மாற்றி எழுதிக்கொள்கிறது.

எல்லாம் செய்த பிறகும் புது வெப்சைட் ஒருவருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. "24 முதல் 48 மணி நேரம் ஆகும்" என்பார்கள். அது வெறும் சால்ஜாப்பு இல்லை. டாட் காம் பதிவேடு, நேம்சர்வர் குறிப்பை 1,72,800 வினாடி வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறது. அது சரியாக இரண்டு நாள். ஏ ரெக்கார்டுக்குச் சிபேனல் வழக்கமாக வைப்பது 14,400 வினாடி, அதாவது நாலு மணி நேரம். இடம் மாற்றப் போகிறீர்கள் என்றால் முந்தின நாளே அதை 300 ஆகக் குறைத்துவிட்டால், மாற்றம் ஐந்து நிமிடத்தில் பரவத் தொடங்கும்.

அதற்குள் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி, அங்கே 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு ஃபைல். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, புது சர்வரின் எண்ணையும் பக்கத்தில் டொமைன் பேரையும் ஒரு வரியில் எழுதிச் சேமித்தால், உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தப் பேர் உடனே புது இடத்துக்குப் போகும். ஒரு காலத்தில் வலையமைப்பில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களின் பேரும் இப்படி ஒரே ஃபைலில்தான் இருந்தன. பட்டியல் பெருத்துக் கட்டுக்கடங்காமல் போனதால் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பழைய ஃபைல் இன்னும் நம் கம்ப்யூட்டரில் குந்திக்கொண்டிருக்கிறது. சோதனை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள். மறந்தால், ஊருக்கெல்லாம் சரியாகத் தெரிவது உங்களுக்கு மட்டும் தப்பாகத் தெரியும்.

எதெல்லாம் பொது?

இதுவரை பார்த்ததெல்லாம் தனி: பேர் தனி, ஃபோல்டர் தனி, டேட்டாபேஸ் தனி, பூட்டு தனி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் சம்பந்தமே இல்லாத வெப்சைட்டுகள். உள்ளே அப்படி இல்லை.

முதலாவது, சர்வரின் சக்தி. கணக்குக்கு இவ்வளவு சிபியூ, இவ்வளவு மெமரி, ஒரே நேரத்தில் இத்தனை வேலை என்று கம்பெனி அளந்து வைத்திருக்கும். கிளவுட்லினக்ஸ் போட்ட சர்வர்களில் இந்த அளவு கறாராக இருக்கும். தீபாவளி ஆஃபரில் பெட்ஷீட்டுக்குக் கூட்டம் அலைமோதினால், அளவு தாண்டியதும் 508 என்ற பிழை வரும். அந்த நேரத்தில் மஞ்சள் வாங்க வந்தவருக்கும் 508தான், சங்கத்து நோட்டீஸைப் பார்க்க வந்தவருக்கும் 508தான்.

அடுத்தது ஃபைல்களின் எண்ணிக்கை. 'இன்ஓடு' என்பார்கள். டிஸ்க் அன்லிமிடெட் என்று விளம்பரம் இருக்கும். நிபந்தனைகளைப் படித்தால் இத்தனை ஃபைலுக்கு மேல் கூடாது என்று ஒரு வரி இருக்கும். ஒரு வேர்ட்பிரஸ் என்பதே சில ஆயிரம் ஃபைல். கேஷ் பிளகின்கள் அதற்கு மேல் குவிக்கும். பல சர்வர்களில் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். இடம் பாதிகூட நிரம்பாதபோது "லிமிட் முடிந்தது" என்று எச்சரிக்கை வந்தால், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். சிபேனல் கணக்கு என்பது லினக்ஸ் சர்வரில் ஒரே ஒரு யூசர். மூன்று வெப்சைட்டின் ஃபைல்களும் அந்த ஒரு யூசருக்குச் சொந்தம். சங்கத்து வெப்சைட்டில் ஓடும் பிஹெச்பி கோடு நினைத்தால் மஞ்சள் கடையின் ஃபைலைப் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். அதே சர்வரில் இருக்கும் முன்பின் தெரியாத கஸ்டமருக்கும் உங்களுக்கும் நடுவே கம்பெனி சுவர் எழுப்பி வைத்திருக்கிறது. உங்கள் சொந்த வெப்சைட்டுகளுக்கு நடுவேதான் சுவர் இல்லை.

"அதனால என்னங்க? எல்லாம் நம்மளுதுதானே?"

எல்லாம் நம்முடையதுதான். ஆனால் கவனம் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி இருக்காதே. பெட்ஷீட் கடையைத் தினமும் பார்க்கிறோம், அப்டேட் போடுகிறோம். சங்கத்து வெப்சைட்டை ஆண்டு விழாவுக்கு ஒரு முறை திறக்கிறோம். அதில் ஒரு போட்டோ கேலரி பிளகின் இரண்டு வருடமாக அப்டேட் ஆகாமல் கிடக்கும். அந்த ஓட்டை வழியாக ஒரு ஃபைல் உள்ளே நுழைந்தால், அது முதலில் மற்ற ஃபோல்டர்களைத்தான் துழாவும். ஒவ்வொரு வேர்ட்பிரஸ் ஃபோல்டரிலும் 'டபிள்யூபி-கான்ஃபிக்' என்ற ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே எழுதியிருக்கும். அது கிடைத்தால் பெட்ஷீட் வாங்கியவர்களின் பேர், போன் நம்பர், விலாசம் எல்லாம் கிடைத்த மாதிரிதான்.

சுத்தம் செய்வதிலும் இதே தொல்லை. பெட்ஷீட் கடையில் வேண்டாத விளம்பரம் தெரிகிறது என்று அதை மட்டும் சுத்தம் செய்வார்கள். மூன்றாம் நாள் திரும்ப வரும். மூல ஃபைல் பக்கத்து ஃபோல்டரில் உட்கார்ந்துகொண்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கும். கணக்கு முழுவதையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்து, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினால்தான் விடும். 'டெஸ்ட்', 'ஓல்டு', 'நியூ2' என்று யாரோ சோதனைக்குப் போட்டுவிட்டு மறந்த ஃபோல்டர்களையும் மறக்கக் கூடாது. அங்கே ஓடுவதும் முழு வேர்ட்பிரஸ்தான்.

ஒரு வெப்சைட்டிலிருந்து ஸ்பேம் மெயில் கிளம்பியது என்று கம்பெனி கணக்கை முடக்கினால் மூன்றும் இருண்டுவிடும். பில் கட்ட மறந்தாலும் மூன்றுக்கும் அதே கதி.

மெயிலைக் கடைசியில் பார்க்காதீர்கள்

டொமைன் சேர்க்கும்போது அதிகம் பேர் அடி வாங்கும் இடம் இது. மகள் தன் டொமைனில் கூகுள் மெயில் வைத்திருக்கிறாள் என்று வையுங்கள். மெயில் எங்கே போக வேண்டும் என்பதை 'எம்எக்ஸ் ரெக்கார்டு' சொல்கிறது. அது பழைய நேம்சர்வரில் எழுதியிருக்கிறது. வெப்சைட்டைக் கொண்டுவருவதற்காக நேம்சர்வரையே மாற்றிவிட்டு, எம்எக்ஸ் வரிகளைப் புது இடத்தில் எழுத மறந்தால், வெப்சைட் ஜோராகத் திறக்கும், மெயில் நின்றுபோகும். நேம்சர்வரை மாற்றும் முன் பழைய ரெக்கார்டுகள் அனைத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் இதைவிடப் பத்திரம்.

நம் டொமைன் பேரில் மெயில் அனுப்ப யாருக்கு உரிமை என்று சொல்லும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ரெக்கார்டுகளும் டொமைனுக்கு டொமைன் தனி. பெட்ஷீட்டுக்குப் போட்டது மஞ்சளுக்குச் செல்லாது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் கெடுபிடி காட்டுகின்றன: ஜிமெயில் முகவரிகளுக்கு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் கட்டாயம், குறைவாக அனுப்பினாலும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஆர்டர் ரசீது ஸ்பேமில் விழுகிறது என்று புலம்புவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சேர்ப்பதா, பிரிப்பதா?

"ஒன்று விழுந்தால் மற்றதும் சேர்ந்து விழலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெட்ஷீட் கடைக்கு டாட் காமோடு டாட் இன் முகவரியும் இருந்தால், அவை சேர்ந்து விழலாம். இரண்டும் ஒரே கடை. கடையும் அதன் வலைப்பூவும் ஒரே கணக்கில் இருக்கலாம், பார்த்துக்கொள்கிறவர் ஒருவரே. மஞ்சள் தொடக்கத்தில் சேர்ந்தே இருக்கட்டும். மாதா மாதம் ஆர்டர் நிலையாக வரத் தொடங்கியதும் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சங்கம் முதல் நாளிலிருந்தே தனியாக இருக்க வேண்டும். செயலாளர் மாறுவார், பாஸ்வேர்டு வாட்ஸ்அப் குழுவில் சுற்றும், நாளைக்கு வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியும் வரும். அதில் யாருக்கோ கொடுக்கும் பேனல் பாஸ்வேர்டு உங்கள் கடைக்கும் சாவியாகக் கூடாது.

வெப்சைட் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பத்து வாடிக்கையாளரை ஒரே சிபேனலில் அடுக்காதீர்கள். ரீசெல்லர் கணக்கு எடுத்தால் ஆளுக்கொரு தனி சிபேனல், தனி யூசர் கொடுக்கலாம். சிபேனல் நிறுவனம் 2019இல் கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்கத் தொடங்கியதால் இதற்குச் செலவு கொஞ்சம் கூடும். அதை வாடிக்கையாளரிடம் சொல்லியே வாங்குங்கள். விபிஎஸ் எனும் தனி மெய்நிகர் சர்வர் எடுத்தால் சுதந்திரம் அதிகம், ஆனால் ராத்திரி சர்வர் படுத்தால் எழுந்து பார்ப்பதும் உங்கள் வேலை.

ஹோஸ்டிங்கை எங்கே வைத்தாலும் டொமைன் பதிவு உங்கள் பேரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். அந்த மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பும் வந்து சேராது. டாட் காம் பேர் காலாவதியான பிறகு ரிஜிஸ்ட்ரார் கொடுக்கும் அவகாசமும் போய், பேர் அழிப்புக் கட்டத்துக்கு நகர்ந்தால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதையும் விட்டால் ஐந்து நாள் கழித்துப் பேர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: பேர், எங்கே பதிவு, நேம்சர்வர் எங்கே, ஃபைல் எங்கே, எப்போது புதுப்பிக்க வேண்டும். டொமைனுக்கு ஒரு வரி. உங்கள் டெவலப்பர் வேலை மாறினாலும், ஹோஸ்டிங் கம்பெனி கைமாறினாலும், அந்தத் தாளை வைத்துக்கொண்டு புதிதாக வரும் யாரும் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள்.